முப்பது நிமிட விசா

அத்தியாயம் 17

சிறீதரனைப் போன கிழமை ஜேர்மனியின் ஹம் நகர ரயில் நிலையத்தில் நிற்க விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஒரு கிழமையாக அங்கேயே நிற்கிறான். வாருங்கள், ஆளை நகர்த்துவோம்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக நாலு வரி. பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

சிறீதரனுக்கும் சுஜீவாவுக்கும் கல்யாணம் முடிந்து பன்னிரண்டு வருடம். ஒரே மகள் ஆரணி, வயது பத்து. இரண்டு வருடத்துக்கு முன் பேர்லின் நொய்கெல்னில் சிநேகிதன் ஒருவன் சாப்பாட்டுக்கடை திறந்தபோது, "மூண்டு மாசம் உதவி செய்துபோட்டு வாறன்" என்று போனவன் சிறீதரன். மூன்று மாதம் ஆறானது. ஆறு இருபத்துநாலானது. அடிதடி இல்லை, குடி இல்லை, இன்னொருத்தி இல்லை. அவள் "வாங்கோ" என்று சொல்லவில்லை. இவன் "வரட்டோ" என்று கேட்கவில்லை. அவ்வளவுதான் சங்கதி. இப்படியும் ஒரு குடும்பம் பிரியுமா என்று எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டவர்கள் உங்களில் பலர். பிரியும். பிரிந்துவிட்டது. சித்திரை மாதம் சுஜீவாவின் வழக்கறிஞரிடமிருந்து பேர்லினுக்குக் கடிதம் போய்விட்டது.

ஆரணிக்கும் ஊராருக்கும் சொன்ன கதை ஒன்றேதான்: "அப்பாவுக்கு பேர்லினில வேலை." கோயில் தேருக்கு வந்து, மூன்று பேருமாகச் சேர்ந்து நின்று படம் எடுப்பதிலும் குறைவில்லை. நம்மவர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு வீடு இரண்டானதை வெளியே சொல்ல நாக்கு வராது.

இனி மறைக்க வழியில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை குடும்ப நீதிமன்றத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து ஆரணியோடு தனியாகப் பேசப்போகிறார். யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்பார். முன்பின் தெரியாத ஒருத்தியின் வாயால் பிள்ளை இதை அறியக்கூடாது அல்லவா? "நீங்களே வந்து சொல்லுங்கோ. விட்டிட்டுப் போனது நீங்கள்தானே" என்று சுஜீவா தொலைபேசியில் சொல்லிவிட்டாள். சாப்பாட்டுக்கடைக்காரனுக்குச் சனி ஞாயிறு லீவு கிடைக்குமா? கடை பூட்டுகிற திங்கள்வரை பொறுத்தால் செவ்வாய்க்கு மிகக் கிட்ட; லீவு கிடைத்தது இந்த வெள்ளிக்கிழமை மட்டும்தான். அதிலும் பின்னேரம் லண்டனிலிருந்து சுஜீவாவின் தமக்கை குடும்பத்தோடு வந்திறங்குகிறாள். அதன்பிறகு அந்த வீட்டில் மூச்சு விடவும் இடம் இருக்காது.

ஆகவே, சொல்வதென்றால் பகலிலேயே சொல்லவேண்டும். ஆனால் ஆரணி பகலில் வீட்டில் இல்லையே!

ஆரணி கிண்டர்ஸ்ரட்டில் இருந்தாள்.

*

கோடை விடுமுறை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வேலைக்குப் போகிற தாய்மாருக்கு ஆறு கிழமைத் தலையிடி. நகரசபை விடுகிற விடுமுறைப் புத்தகத்தில் எல்லாம் இருக்கும்: நீச்சல் வகுப்பு, குதிரைச் சவாரி, லிப்பே ஆற்றில் வள்ளம், மரவேலை, சர்க்கஸ். பதிவு காலை எட்டு மணிக்குத் தொடங்கும். எட்டேகாலுக்கு எல்லாம் நிரம்பிவிடும். சுஜீவா தான் வேலை செய்கிற வயோதிபர் இல்லத்தில் ஒரு மூதாட்டிக்குப் பாணில் பட்டர் பூசிக் கொடுத்தபடியே மற்றக் கையால் கைத்தொலைபேசியைத் தட்டிப் பிடித்த இடம் இந்தக் கிண்டர்ஸ்ரட்.

அது பிள்ளைகளின் நகரம். ஒரு பாடசாலை வளவை வேலி கட்டி மறித்து, இரண்டு கிழமைக்குப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார்கள். மேயர் பிள்ளை. வெதுப்பகக்காரர் பிள்ளை. பத்திரிகை, தபால், குப்பை அள்ளுவது எல்லாம் பிள்ளைகள். பொறுப்புக்கு நாலைந்து பெரியவர்கள் ஓரமாக நிற்பார்கள், வாய் திறக்கமாட்டார்கள். பெற்றோர் உள்ளே வருவதென்றால் விசா எடுக்கவேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரேயொரு விசா. முப்பது நிமிடம்.

ஜேர்மன்காரருக்கு இது பெரிய பகிடி. பகிடியாகத்தான் இருக்கும். வாழ்க்கையில் ஒருநாளாவது விசாவுக்கு வரிசையில் நின்ற சனமா அது?

சிறீதரனுக்குப் பகிடியாக இல்லை. "அடையாள அட்டை கொண்டுவரவும்" என்று அறிவித்தல் சொன்னது. இவன் பத்திரங்கள் வைக்கிற கறுப்புக் கோப்பு முழுவதையும் கொண்டுவந்திருந்தான். கல்யாணப் பதிவு, ஆரணியின் பிறப்புச் சான்றிதழ், பேர்லின் வீட்டுப் பதிவு, பிரசாவுரிமைப் பத்திரம், 2008இலிருந்து வந்த கடிதம் அத்தனையும் அதற்குள். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

வரிசையில் அவனுக்கு முன்னால் சைக்கிள் தொப்பி போட்ட ஒரு தகப்பன். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் "வாஃபிள் தின்ன" என்று எழுதிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். விசா மேசையில் இருந்த பெண்பிள்ளை சிரிக்கவில்லை. நீலத் தொப்பி, கழுத்தில் பெயர் அட்டை, முன்னால் இரண்டு முத்திரை. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

அந்தப் பெண்பிள்ளை ஆரணி.

சிறீதரன் அவளை நேரில் பார்த்து ஏழு கிழமை ஆகிறது. தலைமயிரை இந்த இரண்டொரு நாளில்தான் தோள்மட்டத்துக்கு வெட்டியிருக்கவேண்டும், அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கன்னம் வற்றி, முகம் நீண்டுவிட்டது. தொலைபேசியில் கிழமைக்கு மூன்று தரம் பார்க்கிற முகம்தான். ஆனால் தொலைபேசியில் பிள்ளையின் கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியாதே. அந்தக் கையைப் பிடிக்கவேண்டும்போல் இருந்தது. நடுவில் ஒரு மஞ்சள் கயிறு.

"குஞ்சு!" என்றான்.

அவள் நிமிர்ந்தாள். முகம் ஒரு கணம் விளக்குப் போட்டமாதிரி மலர்ந்தது. பிறகு பக்கத்து மேசைக் கிறிஸ்ரினா பார்க்கிறாளா என்று ஒரு கண் எறிந்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"வணக்கம்," என்றாள் ஜேர்மனில். "இந்தப் படிவத்தை நிரப்புங்கள். ஐந்து கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் எழுதவேண்டும்."

சொந்தக்காரரின் விசாவைத் தானே பார்க்கக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்திருக்கலாம். என்ன செய்வது, அந்த நகரத்து மேயருக்குப் பதினொரு வயது.

*

பெயர். முகவரி. யாரோடு வசிக்கிறீர்கள்? எதற்காக வருகிறீர்கள்? எவ்வளவு நேரம் தங்குவீர்கள்?

சிறீதரன் பேனையைத் திறந்தான்.

இங்கே ஒரு பழைய கதை சொல்லவேண்டும். அவன் வந்திறங்கிய புதிதில், அகதி முகாமில் அவனுக்கு மேல்கட்டிலில் படுத்தவர் நவரத்தினம் அண்ணை. முதல் விசாரணைக்கு முதல்நாள் அவர் கூப்பிட்டுவைத்துச் சொன்ன புத்தி இது: "தம்பி, முதல் என்ன சொன்னனியோ, கடைசிமட்டும் அதையே சொல்லு. பிழையாச் சொல்லியிருந்தாலும் பறவாயில்லை, மாத்தாதை. மாத்தினாய் எண்டால் உன்ர கதை முடிஞ்சுது."

அந்தப் புத்தி கேட்காமல் இந்த நாட்டில் இருக்கக் கிடைத்தவர் நம்மில் எத்தனை பேர்? சிறீதரனுக்கும் அதுதான் கைகொடுத்தது. மூன்று தரம் கூப்பிட்டு விசாரித்தார்கள், மூன்று தரமும் ஒரே பதில். ஆனால் மனுசன் அந்தப் புத்தியை வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்விட்டான். "எப்ப வாறியள்?" என்று சுஜீவா முதல்தரம் கேட்டபோது "மூண்டு மாசத்தில" என்றான். ஆறாம் மாதம் கேட்டபோதும் "மூண்டு மாசத்தில." வருடம் திரும்பியபோதும் அதே மூன்று மாதம். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

இன்றைக்கும் கை பழக்கத்தில் ஓடியது. முகவரி என்ற இடத்தில் ஹம் வீட்டு முகவரியை எழுதினான். யாரோடு வசிக்கிறீர்கள் என்றதற்கு "மனைவி, மகள்" என்று எழுதினான். மகளுக்குச் சொல்லிவைத்த கதை அதுதானே. நோக்கம்: மகளைப் பார்க்க. நேரம்: முப்பது நிமிடம்.

ஆரணி படிவத்தை வாங்கி விரல் வைத்து வரி வரியாக வாசித்தாள்.

"அடையாள அட்டை?"

கொடுத்தான். படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு அட்டையைத் திருப்பினாள். முகவரி பின்பக்கத்தில்தான் இருக்கும் என்று அந்தக் குஞ்சுக்கு யார் சொல்லிக்கொடுத்ததோ! நொய்கெல்ன், தெரு, இலக்கம், எல்லாம் அதில் இருந்தது.

நெடுநேரம் பார்த்தாள்.

"நீங்கள் எழுதியதும் அட்டையில் இருப்பதும் பொருந்தவில்லை," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பிழையான தகவல் தந்தால் விசா கொடுக்க முடியாது. அது எங்கள் சட்டம்."

சிவப்பு முத்திரையை எடுத்தாள். குத்தினாள்.

நிராகரிக்கப்பட்டது. அகராதி இல்லாமல் அவனுக்குத் தெரிந்த முதல் ஜேர்மன் சொற்களில் அதுவும் ஒன்று. முன்பு அதைத் தபாலில் கண்டபோது நிலத்தில் குந்திவிட்டான். இப்போது குந்தவில்லை. நின்றபடியே படிவத்தைத் திரும்ப வாங்கினான். பின்னால் நின்ற ஒருவர், "அடடே, கடுமையான அதிகாரிதான்!" என்று சிரித்தார்.

ஆரணி மேசைக்கு மேலால் குனிந்தாள். இந்தத் தரம் தமிழில், குசுகுசுவென்று:

"அப்பா, சரியா எழுதிக்கொண்டு வாங்கோ. இரண்டரைக்கு விசா பூட்டிப்போடுவம். இண்டைக்குக் கடைசி நாள்."

*

இரண்டு மணிக்குச் சுஜீவா சைக்கிளில் வந்து இறங்கினாள். காலை வேலை முடிந்த கையோடு வந்தவள், இல்லத்துச் சட்டைகூட மாற்றவில்லை. கூடையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. வேலிக்கு வெளியே உட்காருகிற வாங்கு ஒன்றில், கறுப்புக் கோப்பு மடியில் கிடக்க இருந்த மனுசனைக் கண்டாள்.

"உள்ள போகேல்லையோ?"

"விசா தரேல்லை."

"ஆர்?"

"உம்மட மகள்."

சுஜீவா சிரித்துவிட்டாள். சத்தமாக, வாயைப் பொத்திக்கொண்டு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் என்று சிறீதரன் எண்ணிப் பார்த்தான், பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் சிரிக்கமாட்டாளா என்றிருந்தது. அதற்குள் அவள் சிவப்பு முத்திரை குத்திய படிவத்தை வாங்கி வாசித்தாள். சிரிப்பு நின்றது.

"ஏன் உப்பிடி எழுதினீங்கள்?"

"அவளுக்குச் சொன்ன கதை உதுதானே."

"அந்தக் கதையை மாத்தத்தானே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

சுஜீவா அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். இடையில் இன்னொருவர் இருக்கலாம், அவ்வளவு இடைவெளி. அவளுடைய கையிலும் அடையாள அட்டை இருந்ததை அவன் அப்போதுதான் கண்டான்.

"நீரும் உள்ள போக வந்தனீரோ?"

"ஒன்பது நாளும் வேலை. ஒருநாளும் வர ஏலேல்லை. ஒவ்வொரு நாளும் வந்து, அம்மா இண்டைக்கு நான் தபால்காரி, அம்மா இண்டைக்கு நான் பத்திரிகைக்காரி எண்டு சொல்லுவாள். ஒருக்கா எண்டாலும் கண்ணால பாப்பம் எண்டுதான்." அட்டையைப் பைக்குள் வைத்தாள். "பறவாயில்லை. ஒரு விசாதானே. நீங்கள் போங்கோ."

"நீர் போம். நான் பிறகு சொல்லுறன்."

"பிறகு எப்ப? மூண்டு மாசத்திலயோ?"

சுருக்கென்று குத்தியது. குத்தத்தான் சொன்னாள். சொன்னபிறகு அவளுக்கும் வலித்தது, அதையும் சொல்லிவிடவேண்டும்.

இரண்டேகால். சிறீதரன் புதுப் படிவம் ஒன்று வாங்கிவந்து கோப்பின்மேல் வைத்தான். காற்று அதைத் தூக்கியது. சுஜீவா மூலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் முகவரியை எழுதினான். நொய்கெல்ன். அடுத்த கேள்வியில் பேனை நின்றது. யாரோடு வசிக்கிறீர்கள்? ஒரே சொல்தான் எழுதினான்: தனியாக.

"தனியவோ?" என்றாள் சுஜீவா. "கடைப் பெடியன்கள் இரண்டுபேர் உங்களோட இருக்கினம் எண்டீங்கள்."

"அவங்கள் போய் ஒரு வருசமாச்சு."

"எனக்குச் சொல்லேல்லையே."

"நீர் கேக்கேல்லையே."

இந்த இரண்டு பேரையும் ஒரு அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடவேண்டும்போல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரு வருடமாக ஒருத்தன் தனி அறையில் கிடக்கிறான், ஒருத்தி இங்கே இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு மூன்றாவது சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து எடுத்து உள்ளே வைக்கிறாள். "வாங்கோ" என்று ஒரு சொல். "வரட்டோ" என்று ஒரு சொல். சுஜீவாவின் தொண்டைவரை வந்தது. வழக்கறிஞரின் கடிதம் போய் நாலு மாதம் ஆகிறதே, இனி எந்த முகத்தோடு என்று விழுங்கிவிட்டாள். அவன் அவளுடைய விரலைப் பார்த்தான். படிவத்தின் மூலையில், தன் விரலிலிருந்து நாலு அங்குலத்தில் இருந்தது அது. பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு நாலாவது கேள்விக்குப் போனான். எதற்காக வருகிறீர்கள்?

"மகளுக்கு ஒரு உண்மை சொல்ல."

"போங்கோ," என்றாள் சுஜீவா. "நேரம் போகுது."

*

ஆரணி இரண்டாவது படிவத்தையும் விரல் வைத்துத்தான் வாசித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது.

"இது சரியான தகவலா?" என்று ஜேர்மனில் கேட்டாள்.

"சரி."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக."

பச்சை முத்திரை விழுந்தது. ஒரு மஞ்சள் அட்டையில் நேரத்தை எழுதி நூலில் கோத்து அவனுடைய கழுத்தில் போட்டாள். போடும்போது அவளுடைய விரல் கழுத்தில் பட்டது. சிறீதரன் கண்ணை மூடித் திறந்தான்.

தொப்பியைக் கிறிஸ்ரினாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள், அதோடு அதிகாரியும் போய், பழைய ஆரணி ஆனாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். இது வெதுப்பகம், இண்டைக்குச் சீனி முடிஞ்சுபோச்சு. இது பத்திரிகை, போன செவ்வாய் நான் இதில எழுதினனான். இது நகரமண்டபம், மேயர் நல்லவன், ஆனா கொஞ்சம் சோம்பேறி. வாயோயாமல் சொன்னாள். பாதி தமிழ், பாதி ஜேர்மன். அவன் கட்டடங்களைப் பார்க்கவில்லை. அந்தக் கை தன் கைக்குள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டு போனான். போன வருடம் இந்தக் கை முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கியது.

தபால் கந்தோருக்குப் பின்னால் ஒரு நீள வாங்கு. இருந்தார்கள். அட்டையில் இன்னும் பதினெட்டு நிமிடம்.

"சொல்லுங்கோ," என்றாள் ஆரணி. "உண்மை எண்டு எழுதினீங்கள்."

ரயிலில் மூன்று மணித்தியாலம் அவன் அடுக்கி அடுக்கிப் பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை.

"குஞ்சு, நானும் அம்மாவும் இனி ஒரு வீட்டில இருக்கமாட்டம்."

"பேர்லின் வேலை முடிஞ்சாலுமோ?"

"முடிஞ்சாலும்."

"எப்ப இருந்து?"

"கன நாளா. உனக்குச் சொல்லாமல் விட்டிட்டம். அது எங்கட பிழை, அம்மாவின்ர மட்டும் இல்லை, என்ர பிழை கூட."

அவள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சப்பாத்து நிலத்தில் உரசியது. அழப்போகிறாள் என்று அவன் கையை நீட்டத் தயாரானான். அவள் அழவில்லை. கேட்டாள்:

"அப்ப அங்க ஆர் இருக்கினம்?"

"எங்க?"

"பேர்லினில. உங்கட வீட்டில."

"ஒருத்தரும் இல்லை. எழுதினனான்தானே."

"குட்டிப்பிள்ளை?"

"என்ன குட்டிப்பிள்ளை?"

"எங்கட வகுப்பு லேனாவின்ர அப்பாவும் வேலை எண்டுதான் டோர்ட்முண்ட் போனவர். பிறகு பாத்தா அங்க அவருக்கு ஒரு குட்டிப்பிள்ளை. லேனாவுக்கு அதைக் கடைசியாத்தான் சொன்னவை." மூச்சு விடாமல் சொன்னாள். "உங்களுக்கும் அப்பிடி எண்டு நினைச்சனான். அதாலதான் நீங்கள் வாறேல்லை எண்டு. நான் அட்டையைத் திருப்பிப் பாத்தனான், அதில வீட்டு நம்பர் மட்டும்தான் இருந்தது. ஆர் இருக்கினம் எண்டு இல்லை."

ஐயோ! பத்து வயதுப் பிள்ளை எத்தனை மாதமாக இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். ஊர் வாய்க்குப் பயந்து இரண்டு பெரியவர்கள் ஒரு பொய்யைச் சொல்ல, பிள்ளை அதைவிடப் பெரிய ஒன்றைத் தானே கட்டிவைத்துக்கொண்டு, யாரிடமும் கேளாமல் நித்திரை கொண்டிருக்கிறாள். சிறீதரனுக்குத் தன்னைத்தானே அறையவேண்டும்போல் இருந்தது.

"இல்லையம்மா. ஒருத்தரும் இல்லை. நீ ஒருத்திதான் என்ர பிள்ளை. ஒரு அறை, ஒரு கட்டில், சுவரில நீ கீறின முயல். அவ்வளவும்தான் அங்க இருக்கு."

அவள் பெரிய மூச்சொன்று விட்டாள். விட்டுவிட்டு அவனுடைய தோளில் சாய்ந்தாள். அவளுடைய தலையிலிருந்து வெயில் மணமும் வெதுப்பக மா மணமும் வந்தன. அந்த நேரம் அந்த நகரத்து மணிக்கூடுகள் எல்லாம் நின்றுவிடக்கூடாதா என்று அவன் ஏங்கினான். அதிலென்ன பிழை? நானாக இருந்தாலும் ஏங்கியிருப்பேன்.

"அப்ப தனியவோ சாப்பிடுறனீங்கள்?"

"கடையில சாப்பிடுவன்."

"திங்கட்கிழமை கடை பூட்டு எல்லோ?"

"அண்டைக்கு மட்டும் தனிய."

ஆரணி சப்பாத்து நுனியால் நிலத்தில் ஒரு கோடு கீறினாள்.

"செவ்வாய்க்கிழமை ஒரு ஆன்ரி வந்து கதைப்பா எண்டு அம்மா சொன்னவ. என்ன கேப்பா?"

"ஆரோட இருக்க விருப்பம் எண்டு கேப்பா."

"நான் சொன்னா அப்பிடியே நடக்குமோ?"

"நீ சொல்லுறதையும் கேட்டுத்தான் முடிவெடுப்பினம்."

"அப்ப நான் பேர்லின் எண்டு சொல்லுவன்."

இரண்டு வருடம். வேலை முடிந்து அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதெல்லாம் சிறீதரன் காதில் கேட்க ஆசைப்பட்ட சொல் இது. சனிக்கிழமைகளில் தகப்பன் தோளில் குந்திக்கொண்டு போகிற பிள்ளைகளைக் கடை யன்னலால் பார்த்து, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வானே, அந்த நேரமெல்லாம் நினைத்த சொல். நெஞ்சு துள்ளியது. மறைத்துப் பேசி என்ன, அவனுக்குச் சந்தோசம்தான்.

"ஏன் குஞ்சு?"

"அம்மாவுக்குப் பெரியம்மா இருக்கிறா. வேலையில ஆக்கள் இருக்கினம், கோயில் ஆக்கள் இருக்கினம். உங்களுக்கு ஒருத்தரும் இல்லையே."

துள்ளிய நெஞ்சு அப்படியே நின்றது. பிள்ளை தன்னைப் பாவம் பார்த்து வருகிறாள். வேண்டாம் என்று சொல்லவேண்டும். என்னை நான் பார்த்துக்கொள்வேன், நீ உன்பாட்டைப் பார் என்று சொல்லவேண்டும். நல்ல தகப்பன் சொல்லுவான். சிறீதரன் கெட்ட தகப்பன் இல்லை. ஆனாலும் அவனுக்கு வாய் வரவில்லை.

"வடிவா யோசி அம்மா," என்று மட்டும் சொன்னான்.

"யோசிச்சிட்டன். அம்மாட்ட நீங்கள் சொல்லுங்கோ, அப்பா. நான் சொன்னா அவ அழுவா."

மணி அடித்தது. கடைசி நாள் என்பதால் நீண்ட மணி. பிள்ளைகள் நாலா பக்கமும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆரணி அவனுடைய கழுத்திலிருந்த மஞ்சள் அட்டையைக் கழற்றினாள். "வெளியில நில்லுங்கோ. பெயர் அட்டையைக் குடுத்திட்டு ஓடி வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

சுஜீவா அந்த வாங்கில் இல்லை. வேலித் துணி கிழிந்திருந்த இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் வருவதைக் கண்டு திரும்பினாள். கண் சிவந்திருந்தது, முகம் சிரித்தது.

"பாத்தனான்," என்றாள். "தபால் கந்தோர் பின்பக்கம் இதால தெரியுது. உங்கட தோளில சாய்ஞ்சவள் என்ன?"

"ஓம்."

"சொல்லிட்டீங்களோ?"

"சொல்லிட்டன்."

"அழுதவளோ?"

"இல்லை."

"அப்பாடா!" சுஜீவா வாங்கில் தொப்பென்று இருந்தாள். இடைவெளி பார்க்கவில்லை, அவனையும் சட்டையில் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள். "நான் என்னவோ ஏதோ எண்டு பயந்து செத்தனான். நன்றியப்பா. நீங்கள் வடிவாச் சொல்லியிருக்கிறியள். இல்லாட்டி அவள் அப்பிடிச் சாய்ஞ்சிருக்கமாட்டாள்."

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். ரோல்ஸ். விடிய ஐந்து மணி வேலைக்குப் போகமுதல் பொரித்திருக்கிறாள். ஒன்றை எடுத்து அவனுடைய கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்கோ. ரயிலில ஒண்டும் சாப்பிட்டிருக்கமாட்டியள், எனக்குத் தெரியும்."

கடித்தான். மெல்ல ஏலவில்லை.

"சுஜி," என்றான்.

"பொறுங்கோ, நான் ஒண்டு சொல்லுறன். நீங்கள் அவளைப் பாக்க எப்பவும் வரலாம். நான் ஒருநாளும் மறிக்கமாட்டன். கோர்ட்டில என்னத்தை எழுதினாலும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அக்கா வருவா, இரண்டு கிழமை நிண்டு சிரிச்சிட்டுப் போயிடுவா. வேலையில ஆக்கள் வேலை முடியத் தங்கட வீட்டுக்குப் போயிடுவினம். எனக்கு எண்டு இருக்கிறது அவள் ஒருத்திதான். அவள் விடிய எழும்பி அம்மா எண்டு கூப்பிடுற சத்தம் போதும் எனக்கு, நான் சமாளிச்சிடுவன்."

சிறீதரன் கடித்த ரோல்ஸைப் பெட்டி மூடியில் வைத்தான்.

"என்ன சொன்னவள்? சும்மா கேட்டுக்கொண்டு இருந்தவளோ, ஏதும் சொன்னவளோ?"

அதற்குள் வாசல் கயிறு அவிழ்ந்தது. பிள்ளைகள் குபுகுபுவென்று வெளியே வந்தார்கள். ஆரணி புத்தகப்பை ஒரு தோளில் தொங்க ஓடிவந்து, நேரே தாயின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக, வழக்கத்தைவிட நெடுநேரம். பிறகு முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா உங்களிட்டச் சொல்லிட்டாரோ?"

சுஜீவா மகளின் வெட்டிய தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"என்னத்தைக் குஞ்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.